வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

என் அன்பு மகனே,

உன் கலியாணத்துக்கு இன்னும் ஆறு கிழமை இருக்கிறது. தமாமிலிருந்து நீ எழுதிய கடிதத்தை அம்மா நேற்று எனக்கு வாசித்துக் காட்டினாள். கோயிலில் வேண்டாம், பதிவுக் கந்தோரில் கையெழுத்து வைத்தால் போதும், பெண் வீட்டாருக்கும் சொல்லிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே இருந்த வரியை அம்மா வாசிக்காமல் தாண்டப் பார்த்தாள். என் கண் இன்னும் அவ்வளவு மங்கவில்லை. அவளுடைய தோளுக்கு மேலால் எட்டி நானே வாசித்துவிட்டேன். ‘அப்பாட வாயால எனக்கு ஜெபம் வேணாம்.’ நம் வீட்டில் மாப்பிள்ளை வெளிக்கிட முன்னர் முழங்காலில் நிற்பதும், தகப்பன் தலையில் கைவைத்து ஜெபிப்பதும் என் தகப்பன் காலத்திலிருந்து வரும் வழக்கம். அது நின்றுபோகப் போகிறதே என்று முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. வசனத்துக்கு மேல் வசனம் வைத்து ஆறு பக்கம் எழுதினேன். பிரசங்கியார் பேனையை எடுத்தால் லேசில் வைக்கமாட்டார் என்று நீ பகிடி பண்ணுவாயே, அதே கைதான். எழுதி முடித்து வாசித்துப் பார்த்தேன். ஒரு வரிகூட உண்மையாக இருக்கவில்லை. கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

நாமெல்லாம் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் உதுமாலெப்பையைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். சம்மாந்துறை வயல் வட்டையில் நம்முடைய நாலு ஏக்கருக்கு அடுத்த காணி அவருடையது. இரண்டு காணிக்கும் ஒரே வாய்க்கால். தண்ணீர் பாய வரம்பில் வெட்டிய வக்கடை அவருக்கு ஒன்று, நமக்கு ஒன்று. அவருடைய தண்ணீர் முறை வந்தால் நம்முடைய வக்கடையை மண் வைத்து அடைத்துவிட்டு அவருடையதைத் திறப்போம். நம் முறை வந்தால் மறுபக்கம். இது வட்டை முழுவதும் உள்ள முறை. ஆனால் எங்கள் இருவருக்கும் இடையில் எழுத்தில் இல்லாத இன்னொரு ஏற்பாடு இருந்தது. வெள்ளிக்கிழமை பாங்கு கேட்டதும் காக்கா வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டு, ‘தம்பி, தண்ணி உங்கட பொறுப்பு’ என்று சொல்லிவிட்டு ஜும்ஆத் தொழுகைக்குச் சைக்கிளில் ஏறுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம் கல்முனையில் கோயிலில் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும்போது நம் வரம்பில் அவர் நிற்பார். ஒருமுறை நண்டு வளையால் நம் தண்ணீர் ஒழுகிப் போவதைக் கண்டு, கையில் வேறொன்றும் இல்லாமல், தோளில் கிடந்த சால்வையைச் சுருட்டி ஓட்டையில் அடைத்துவிட்டு நின்றார். நான் போனதும் சேற்றில் கிடந்த சால்வையைத் தூக்கிக் காட்டி, ‘உங்கட ஞாயிற்றுக்கிழமையால என்ட சால்வை போயிற்று’ என்று சிரித்தார். சூறாவளி அடித்து நம் வீட்டுக் கூரை போன மறுநாள் காலையில், விழுந்து கிடந்த தென்னைகளுக்கு மேலால் ஏறி ஏறி, தலையில் அரிசியும் கையில் படங்குமாக முதலில் வந்து சேர்ந்த ஆளும் அவர்தான். கூரை போன இடத்தில் அந்தப் படங்கைக் கட்ட நீதான் மேலே ஏறினாய்.

சூறாவளிக்குப் பிந்திய சிறுபோகம் எல்லோருக்கும் பொல்லாத போகம். குளத்தில் தண்ணீர் குறைவு. பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறைதான் வாய்க்காலில் தண்ணீர் வரும். நம் வேளாண்மை கதிர் தள்ளப்போகும் குடலைப் பருவத்தில் நின்றது. நிலம் வெடிக்கத் தொடங்கியிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை காலையிலிருந்து பொழுதுபடும் வரைக்கும் காக்காவுடைய முறை. பாங்கு கேட்டது. அவர் வழக்கமான சொல்லைச் சொல்லிவிட்டுப் போனார். வட்டையில் ஒரு குஞ்சு குருமன் இல்லை. நான் அவருடைய வக்கடையைப் புல்லும் மண்ணும் வைத்து அடைத்துவிட்டு நம்முடையதைத் திறந்தேன். ஒரு மணித்தியாலம், அவர் வருமுன் பழையபடி மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கும் சத்தத்தைக் கேட்டு நின்ற எனக்கு அடைத்ததை எடுக்க மனம் வரவில்லை. அன்றைக்குப் பார்த்துப் பள்ளிவாசலில் ஒரு மையத்து. தொழுகை முடிந்து எல்லோரும் அடக்கத்துக்குப் போய்விட்டார்கள். அந்த நேரத்தில் நீ சாப்பாடு கொண்டுவந்தாய். எனக்கு மூன்று மணிக்கு ஜெபக்கூட்டம். ‘காக்கா வரும்வரைக்கும் நில்லு’ என்று மண்வெட்டியை உன் கையில் தந்துவிட்டு நான் கல்முனைக்கு வந்துவிட்டேன். எந்த வக்கடை யாருடையது, இன்றைக்கு முறை யாருக்கு என்று நீ கேட்கவில்லை. கேட்க வேண்டிய காரணமும் இல்லை, நின்றது தகப்பன். ஜெபக்கூட்டத்தில் அன்றைக்கு நான் எதைப் பற்றிப் பேசினேன் தெரியுமா? பாரம் சுமந்து களைத்தவர்களுக்கு ஆண்டவர் தரும் இளைப்பாறுதலைப் பற்றி. நன்றாகப் பேசினேன் என்று போதகர் கையைப் பிடித்துச் சொன்னார்.

மாலையில், தண்ணீர் முறையைப் பார்க்கும் வட்டவிதானையையும் கூட்டிக்கொண்டு காக்கா நம் வீட்டுக்கு வந்தார். முறை முடிந்து வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிட்டது, காக்காவின் மேட்டுப் பக்கம் இரண்டு ஏக்கருக்கு ஏறவே இல்லை என்று வட்டவிதானை சொன்னார். காக்கா சத்தம் போடவில்லை. ‘தம்பி, மகன் மண்வெட்டியோட வக்கடைக்குப் பக்கத்துல நின்றத நாலு பேர் கண்டிரிக்காங்க. தெரியாமக் கட்டிப் போட்டானோ?’ என்றுதான் கேட்டார். நீ கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நின்றாய். ‘நான்தான் காக்கா’ என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் போயிருக்கும்? ஒரு மூச்சு. அதைவிட்டு நான் சொன்னது உனக்கு நினைவிருக்கும். ‘இளந்தாரிப் பொடியன். தெரியாமத்தான் செஞ்சிருப்பான்.’ அதோடு விட்டேனா? உன்னை முன்னால் கூப்பிட்டு, ‘டேய், காக்காட்ட மன்னிப்புக் கேள்’ என்றேன். நீ என்னைப் பார்த்தாய். இருபது வயது உனக்கு, என்னைவிட ஒரு சாண் உயரம். நீ ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் அந்த இடத்திலேயே நாறியிருப்பேன். நீ காக்காவின் பக்கம் திரும்பி, ‘மன்னிச்சுக்கொள்ளுங்க காக்கா’ என்றாய். அடுத்த முறைத் தண்ணீர் வரும்போது அந்த இரண்டு ஏக்கரும் மணி பிடிக்காமல் சப்பியாகிவிட்டது. நம் நெல் நன்றாக விளைந்தது. அந்தச் சோற்றை நீ சாப்பிட்டாயா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. வருசம் முடிய முன்னர் நீ பாஸ்போட் எடுத்துத் தமாமுக்கு லொறி ஓட்டப் போய்விட்டாய்.

குற்றமில்லாத ஒருவர் குற்றவாளியின் இடத்தில் நின்றதைத்தான் நான் எத்தனையோ ஞாயிறு பிரசங்கம் பண்ணினேன். என் சொந்தக் கிணற்றடியில் அது நடந்தபோது தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். ஆனால் மகனே, அந்தப் பேச்சைப் பேசி உன்னைப் புகழ்ந்து தப்ப எனக்கு உரிமை இல்லை. ஆண்டவர் மனமுவந்து ஏற்றார். உன் தலையில் ஏற்றியது நான்.

நீ போனபின் நான் நல்லவனாகப் பாடுபட்ட கதையைக் கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும். காக்காவின் வரம்பை அவர் கேளாமலே கட்டிக் கொடுத்தேன். அறுப்பின் பண்டிகைக்கு மற்றவர்களைவிட ஒரு மூட்டை கூடக் கொண்டுபோனேன். லெந்து நோன்புக் காலத்தில் ஒருநேரச் சாப்பாடு. அம்மா நான் பக்தியில் வளர்கிறேன் என்று நினைத்தாள். ஆனால் திருவிருந்து வரும் ஞாயிறுகளில் மட்டும் எனக்கு வயலில் தவறாமல் ஒரு வேலை இருக்கும். அந்த அப்பத்தை வாங்கக் கை நீட்டத் துணிவில்லை. மற்ற ஞாயிறுகளில் மேடையில் ஏறி, இரட்சிப்பு இலவசம், கிருபை இலவசம் என்று சொன்னவன், இறங்கி வந்து வரம்பு கட்டிக் கட்டி அதற்கு விலை கொடுத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு கட்டினாலும் போதவில்லை. ஜெபிக்க முழங்காலில் நின்றால், நீ கிணற்றடியில் நின்று பார்த்த பார்வைதான் முன்னால் வரும்.

இரண்டு வருசத்துக்கு முன்னர் காக்கா ஹஜ்ஜுக்குப் போனார். போகிறவர்கள் ஊரெல்லாம் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லி, அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிப் பொறுப்புக் கேட்பார்கள் என்று உனக்குத் தெரியும். நம் வீட்டுக்கும் வந்தார். வெள்ளைச் சாரமும் புதுத் தொப்பியுமாக விறாந்தைக் கதிரையில் இருந்துகொண்டு, ‘தம்பி, ஒரே தண்ணியில பயிர் செஞ்ச ஆக்கள் நாம. நான் ஏதும் பிழை செஞ்சிருந்தா அல்லாவுக்காகப் பொறுத்துக்கங்க’ என்றார். நான் ‘அப்படி ஒன்றுமில்லை காக்கா’ என்று முணுமுணுத்தேன். அவர் எழும்பவில்லை. ‘இன்னொரு விசயம் இரிக்கி. உங்கட மகன அண்டைக்கு மனசுக்குள்ள நல்லா ஏசிப் போட்டன். சின்னப் பிள்ளைட பிழைய அவ்வளவு நாள் வெச்சிருந்தது எனக்குச் சரியில்ல. அவனுக்கிட்டயும் நான் பொறுப்புக் கேட்டதா எழுதிவிடுங்க’ என்றார். அம்மா கொண்டுவந்த தேத்தண்ணியை நான்தான் வாங்கி அவர் கையில் கொடுத்தேன். பீரிசு ஆடி, தேத்தண்ணி சிந்தி, அவருடைய புதுச் சாரத்தில் பட்டது. ‘பரவாயில்ல தம்பி, துவைச்சாப் போகும்’ என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் வெளிக்கிடும் நாள் காலையில் பள்ளிக்கு முன்னால் பஸ் நின்றது. தழுவுவதும் அழுவதுமாக ஊரே அங்கே நின்றது. நான் ஆட்களை விலக்கிக்கொண்டு போய் அவருடைய கையைப் பிடித்தேன். எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனது எல்லாம் மறந்துபோய், ‘காக்கா, அண்டைக்குத் தண்ணியக் கட்டினது நான். மகன் இல்ல’ என்று மட்டும் சொன்னேன். அவருடைய முகம் கறுத்தது. கையை எடுத்துக்கொண்டார். ‘இதச் சொல்ல இண்டைக்குத்தானா உங்களுக்கு நேரம் கிடைச்ச?’ என்று கேட்டுவிட்டு பஸ்ஸில் ஏறிவிட்டார். ஆட்கள் என்னை இடித்துக்கொண்டு போனார்கள். பஸ் உறுமி வெளிக்கிடும்போது யன்னலால் தலை நீட்டி, ‘தம்பி!’ என்று கூப்பிட்டார். ஓடிப் போனேன். ‘பொறுத்திட்டன். மனசாரப் பொறுத்திட்டன். ஆனா மகனுக்கிட்ட நான் கேட்ட பொறுப்பு வேற, நீங்க கேக்க வேண்டிய பொறுப்பு வேற’ என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அவர் திரும்பி வந்ததும் இரண்டு மூட்டை நெல்லை வண்டிலில் ஏற்றிக்கொண்டு அவருடைய வாசலுக்குப் போனேன். ஹஜ் முடித்து இப்போது ஹாஜியாராகிவிட்ட காக்கா வெளியே வந்து வண்டிலையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். ‘என்ன இது?’ ‘அந்தப் போகத்துச் சப்பிக்கு, ஹாஜியார். முழுக்க இல்ல, மிச்சத்தைப் பிறகு தாறன்.’ அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ‘பொறுத்திட்டன் என்று நான் சொன்னது உங்களுக்குக் கேக்கல்லயா? இப்ப இதை வாங்கினா நான் பொறுக்கல்ல தம்பி, வித்திரிக்கன். வண்டிலத் திருப்புங்க’ என்றார். பிறகு பேரீச்சம்பழத்தை ஒரு பேப்பரில் சுற்றி என் கையில் வைத்து, ‘இதத்தான் கொண்டுபோகலாம்’ என்றார். நான் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தேன். பாதி வழியில் வண்டிலை நிற்பாட்டிவிட்டு அழுதேன். மாடுகள் இரண்டும் தங்கள் பாட்டில் புல் மேய்ந்தன.

அவருடைய வேதம் வேறு, என் வேதம் வேறு. அவர் தன் மார்க்கத்தின்படி செய்தார். ஆனால் இருபது வருசமாக மேடையில் நின்று நான் விளக்கிய கிருபையை நான் விளங்கிக்கொண்டது அந்த வண்டிலில்தான். நான் இரட்சிப்பைக் கேட்கப் போகவில்லை மகனே, விலைக்கு வாங்கப் போயிருக்கிறேன். ஆண்டவர் சிலுவையில் எப்போதோ முடித்துவிட்ட ஒரு காரியத்துக்கு நான் வரம்பு வரம்பாக மண் சுமந்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு திருவிருந்து. போனேன். கையை நீட்டினேன். அப்பம் உள்ளங்கையில் விழுந்தபோது எனக்கு வந்த சந்தோசத்தை எப்படி எழுதுவது? வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். போதகர் ஒரு கணம் தயங்கினார். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தவன் பின்னேரம் வரைக்கும் எழும்பவில்லை. பகலில் கண்ணயராத மனிசன் இப்படிக் கிடக்கிறாரே என்று அம்மா பயந்து நெற்றியில் கைவைத்துக் காய்ச்சலா என்று பார்த்தாள். காய்ச்சல் இல்லை. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல்முறையாக நான் நிம்மதியாக நித்திரை கொண்டிருந்தேன்.

இத்துடன் கடிதத்தை முடித்தால் நல்ல சாட்சியாக இருக்கும். கோயிலில் சொன்னால் நாலு பேர் ஆமென் சொல்வார்கள். ஆனால் நான் செய்த இரண்டாவது பாவம் இனித்தான் வருகிறது. ஆண்டவர் மன்னித்துவிட்டார், ஹாஜியார் பொறுத்துவிட்டார், இனி எதற்கு அந்தப் பிள்ளையின் மனதைக் கிளறுவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடவுள் தந்த மன்னிப்பைப் பிடித்துக்கொண்டு உன்னிடமிருந்து ஒளித்தேன். ஹாஜியார் உனக்குச் சொல்லச் சொன்னதைக்கூட இரண்டு வருசமாக எழுதவில்லை. ஏனென்றால் அதை எழுதினால் இதையும் எழுத வேண்டும். அந்தப் பகல் நித்திரையின் சுகம் மெல்ல மெல்லக் குறைந்தது. ஆண்டவர் தந்ததைத் திரும்ப எடுக்கவில்லை. நான்தான் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு கதவைப் பூட்டியிருந்தேன். நீ கோயிலை விட்டதற்கு நான் தமாமையும் அங்கே உள்ள சிநேகிதர்களையும் குறை சொல்லியிருக்கிறேன். நீ ஆண்டவரை விட்டாயோ என்னவோ, எனக்குத் தெரியாது. என் குரலைத்தான் விட்டாய் என்று இப்போது தெரிகிறது. என் வாயால் கேட்டதால் உனக்கு அந்த நல்ல செய்தி புளித்துப்போயிற்று. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பாலைவனத்தில் பாரலொறி ஓட்டிக் களைத்து வரும் என் பிள்ளைக்கு அந்த இளைப்பாறுதல் வேண்டும், அந்தச் சிரிப்பு வேண்டும் என்று நான் ஏங்குகிறேன். வேறொருவர் வாயால் கேட்டாலும் சரி, எவர் வாயாலும் அல்லாமல் தனியே உன் அறையில் கிடைத்தாலும் சரி.

இன்று பட்டப்பகலில் இதை அம்மாவுக்குச் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைத்தாள். ‘அப்ப நான் அவனுக்கு எழுதின கடிதமெல்லாம்?’ என்று கேட்டாள். ‘காக்காட மனம் நொந்தது மனே, ஆண்டவர்ட்ட மன்னிப்புக் கேள் என்று நாலு வருசமா எழுதினனே. அவன் ஒரு தரமாவது நான் இல்ல என்று எழுதல்லயே.’ அதற்குமேல் என்னோடு கதைக்கவில்லை. இப்போதும் கதைக்கவில்லை. அது எனக்கு வேண்டியதுதான். போன கிழமை மாரிப் போகத்துக்கான வட்டைக் கூட்டம் நடந்தது. உன் கடிதம் வரமுன்பே அங்கே எழும்பிச் சொல்ல வேண்டுமென்று நினைத்து, கடைசிவரை இருந்துவிட்டு, சொல்லாமல் வந்தேன். இன்று பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு வட்டவிதானையிடம் போய்ச் சொன்னேன். அன்றைக்கு உன்னைக் கண்ட நாலு பேரையும் தேடிப் போய்ச் சொன்னேன். ஒருவர் சிரித்தார். ஒருவர் காறித் துப்பினார். போதகரிடமும் சொன்னேன், இனி மேடையில் ஏறமாட்டேன் என்றேன். அவர் வேண்டாம் என்று தடுக்கவில்லை. பின்வாங்கில் இருந்து பாட எனக்கு இப்போது ஆசையாக இருக்கிறது. அந்த வரம்பில் நீ இனித் தலை நிமிர்ந்து நடக்கலாம் மகனே. நீ எப்போதும் நிமிர்ந்துதான் நடந்திருக்க வேண்டியவன்.

என்னைப் பொறுத்துக்கொள். உனக்கு நான் எதையும் கொண்டுவரவில்லை, வண்டிலும் இல்லை, நெல்லும் இல்லை. வெறுங்கையோடு கேட்கிறேன். முடியாது என்றால் அதைச் சொல்ல உனக்கு முழு உரிமையும் உண்டு. கலியாணத்தைக் கோயிலில் வை என்றும் சொல்லமாட்டேன். பதிவுக் கந்தோரிலேயே செய். நான் வருவேன். நான் ஜெபிக்கமாட்டேன், உன் தலையில் கை வைக்கமாட்டேன், முன்னுக்கு வந்து நிற்கவும் மாட்டேன். கந்தோர் வாசலில் வாகைமரத்துக்குக் கீழே சைக்கிளோடு நிற்பேன். கையெழுத்து வைத்துவிட்டு வெளியே வரும்போது, ‘அப்பா, இஞ்சால வாங்க’ என்று ஒரு தரம் நீ கூப்பிட்டால் எனக்கு அது போதும். கூப்பிடாவிட்டாலும், நீ உன் பெண்சாதியோடு காரில் ஏறிப் போகும்வரை நான் அங்கேதான் நிற்பேன்.

உன் அப்பா